பதினொன்றிலிருந்து இரண்டு வரை

பனிக்காட்டு ஊரான எங்கள் ஓல்ஸெலேயில் வீட்டுக்கு வந்த ஆளைக் காபி கொடுக்காமல் திருப்பி அனுப்பியது கிடையாது. வரிக்காரன் வந்தாலும் காபி, நம் காட்டு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினவன் வந்தாலும் காபி. சண்டையைக் குடித்து முடித்தபிறகு வைத்துக்கொள்ளலாம். அதிலும் வெளியூர் ஆள், அதிகாரி என்றால் ஏழு வகை பிஸ்கட்டும் மேசைக்கு வந்தாக வேண்டும். ஆறு வைத்தால் கஞ்சத்தனம், எட்டு வைத்தால் பவிசு. அந்த ஏழுதான் எங்களைக் கெடுத்தது. ஏழு மட்டுமா, என் வாயும்தான்.

இங்கெலாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பிறவியிலேயே தசை கரைகிற வியாதி. வலது கையில் இரண்டு விரல் மட்டும் அசையும், அதை வைத்து மின்சார நாற்காலியை ஓட்டுவாள். மற்றபடி கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்காது. பேச்சு மட்டும் குறைவில்லை. ஊரே சேர்ந்து பேசுவதை ஒருத்தியாகப் பேசுவாள். அப்பா விட்டுப்போன சிவப்பு மரவீட்டில், ஆற்றைப் பார்த்த சமையலறையோடு, இருபத்தாறு வருஷம் தனியாக இருந்தாள். தனியாக என்றால் எங்களோடு. அரசாங்கம் இத்தனை மணி நேரம் என்று உதவிக்கு ஆள் கொடுக்கும். யாரை வைப்பது, அந்த ஆள் என்ன செய்வது என்பது அவள் இஷ்டம். ராத்திரி பகலாக நாங்கள் நாலு பேர் முறை வைத்து இருந்தோம். நான் மார்கித். மரம் அறுக்கிற ஆலையை மூடியபோது இவளிடம் வந்து சேர்ந்தேன், அப்போது பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் நான் கோட்டைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

“இந்த வீட்டுக்குள்ள ஒனக்குக் கையி கெடையாது மார்கித். ரெண்டும் எங்கையி. நான் போன்னா போகும், நில்லுன்னா நிக்கும். ஒன்னோடத கோட்டோட சேத்து அந்தக் கொக்கியில மாட்டிட்டு வா.”

அன்றிலிருந்து அப்படித்தான். உருளைக்கிழங்கு உரிப்பது நான், உரித்தவள் இங்கெலா. விறகு பிளப்பது எங்கள் நாலு பேரில் ஒருவனான, எரித்திரியாவிலிருந்து வந்த தெஸ்பாய், “இன்னிக்கி ரெண்டு அடுக்கு பொளந்தேன், முதுகு போச்சு” என்று போனில் அலுத்துக்கொள்வது இங்கெலா. ஊரில் யாரும் இதற்குச் சிரித்ததில்லை. கடைக்காரர் அவளிடமே “வெண்ணெய் வேணுமா” என்று கேட்டு, என் கையில் கொடுப்பார். என் கையை அவர் பார்க்கவே மாட்டார். முதலில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகி, ஒரு கர்வமாகவே ஆகிவிட்டது.

ஜனவரியில், உதவி நேரம் ஒதுக்குகிற அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, தேவை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். கரைந்த தசை திரும்ப முளைத்திருக்குமோ என்று சந்தேகம் போலிருக்கிறது. சனிக்கிழமையே பிஸ்கட் போட ஆரம்பித்தோம். திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவளைக் குளிப்பாட்டி, முடியைச் சுருட்டி, நீலச் சட்டை போட்டேன். சட்டை மாட்டுவதற்கே நாற்பது நிமிஷம். தோள் மூட்டு நழுவாமல் மாட்ட வேண்டும். கழிவறை நாற்காலி, அவளைத் தூக்கி இடம் மாற்றுகிற தூக்கிப் பை, சளிக் கிண்ணம் எல்லாவற்றையும் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். விருந்தாளி வரும்போது அதையெல்லாமா கண்ணில் படும்படி வைப்பார்கள்?

வந்தவள் பெயர் காமிலா. முப்பத்தைந்து வயதிருக்கும். கடலோர நகரத்திலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் காரோட்டி வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிற ஸாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள்.

“எப்படிப் போயிட்டிருக்கு இங்கெலா?”

“ஏதோ போகுதுங்க. குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல.”

எங்கள் பக்கத்தில் மரம் விழுந்து இடுப்பு முறிந்தவனும் இதைத்தான் சொல்வான். காமிலா அதை மடிக்கணினியில் தட்டிக்கொண்டாள்.

“பிஸ்கட் ரொம்ப நல்லாருக்கே. யாரு செஞ்சது?”

“நான்தான். ஏழும் நான் சுட்டதுதான். அந்த சிரப் போட்டது மட்டும் கொஞ்சம் கருகிப்போச்சு.”

காமிலா என் பக்கம் திரும்பினாள். “அவங்களேவா செஞ்சாங்க?”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பதினாலு வருஷப் பழக்கம், அதோடு பெருமை.

“பின்ன யாரு? அவ கைப்பக்குவம் இந்தச் சுத்து வட்டாரத்துல யாருக்கும் வராது. வாசல்ல பனிகூட அவதான் தள்ளுவா.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. காமிலா தலையாட்டிக்கொண்டே தட்டினாள். மேசைமேல் செத்துக் கிடக்கிற அந்தக் கையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே தட்டினாள். அவள் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நான்தான் வாசித்தேன். ‘அடுமனை வேலை, வீட்டு வேலை, வெளி வேலை ஆகியவற்றைத் தாமே செய்வதாக அவரும் உதவியாளரும் ஒருமித்துத் தெரிவித்தனர். குறை எதுவும் தெரிவிக்கவில்லை.’ ஆகவே காலை ஏழிலிருந்து பதினொன்று, மதியம் இரண்டிலிருந்து ஐந்து, மாலை ஏழிலிருந்து பத்து. மற்ற நேரத்துக்கு விரலடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் நகராட்சி வண்டி நாற்பது நிமிஷத்தில் வரும், சாலை வழுக்காமல் இருந்தால். இது போதாது என்று தோன்றினால், கடலோர நகரத்துக் காப்பக விடுதியில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம்.

இங்கெலா நாற்காலியை ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

“அறை,” என்றாள். “ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கும் தெரியுமா? கார் நிறுத்துற எடம். என்ன அங்க கொண்டுபோய் நிறுத்தணுமாம்.”

“எல்லாம் என்னாலதான் இங்கெலா. அந்தப் பனியச் சொல்லாம இருந்திருக்கலாம்.”

“ஆமா. சொல்லாம இருந்திருக்கலாம்,” என்றாள். ஆறுதல் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அடுத்த ஆறு வாரத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். பதினொரு மணிக்கு நான் கிளம்புவேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், இரண்டு மணிக்கு வரும்போது அதே கோணத்தில் இருப்பாள். ஒருநாள் தலை முன்னால் சரிந்து, மோவாய் நெஞ்சில் முட்ட, பொத்தானை அழுத்தியும் வண்டி வராமல், இரண்டே முக்கால் மணி நேரம் தன் மடியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மூத்திரம் வரக்கூடாது என்று தண்ணீரை நிறுத்தினாள். உதடு வெடித்தது. பிட்டத்தில் புண் வந்தது. ராத்திரி திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லாமல், எங்கே படுக்கவைத்தோமோ அங்கேயே விடிந்தது.

“நான் சும்மா இருக்கேன் இங்கெலா, எனக்குச் சம்பளம் வேணாம். இங்கயே ஒரு மூலையில ஒக்காந்துக்கறேன்.”

“எந்திரிச்சுப் போ. நீ சும்மா இருந்தா, பாரு, ஆளில்லாமலே நடக்குதுன்னு எழுதுவா. எனக்குப் பிச்ச வேணாம். எனக்கு அவ வேணும்.”

“அவளா? எதுக்கு?”

“மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கேன். திரும்ப நேர்ல வந்து பாத்துத்தான் ஆகணும், சட்டம். நேரம் குறிக்கற உரிம எனக்கு இருக்கு. பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும்னு குறிச்சிட்டேன்.”

மாலை முறைக்குச் சீக்கிரமே வந்துவிட்ட தெஸ்பாய் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டான். “அந்த நேரத்துல நாங்க யாரும் இருக்க மாட்டோமே?”

“அதுக்குத்தான்டா. காயிதப்படி அந்த நேரத்துல எனக்கு ஆளு தேவையில்ல. வீட்டுல ரெண்டு கை இருக்கும். ரெண்டும் அவளோடது. பத்தரைக்கு மூணு தம்ளர் தண்ணி குடிக்கப் போறேன்.”

எனக்குப் புரிந்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சிரித்தேன். இங்கெலாவும் சிரித்தாள். தெஸ்பாய் மட்டும் சிரிக்கவில்லை.

“அவ என்ன பண்ணுவான்னு நெனைக்கற?”

“தொடைப்பா. இல்ல ஓடுவா. எது பண்ணாலும் அத அவளே எழுதணும். மார்கித், நீ ரோட்டுல கார்ல இரு. நான் கூப்பிட்டு அனுப்பினா வரணும். அனுப்பலன்னா நான் கத்தினாலும் வரக்கூடாது. புரிஞ்சுதா?”

எங்கள் ஊர் வழக்கப்படி மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தேன். சரி என்று அர்த்தம்.

மார்ச் கடைசி. வெயில் அடித்து, பனியின் மேல்தோல் இறுகிக் கண்ணாடியாக மின்னியது. பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி குளிர். காலையில் பிஸ்கட் கிடையாது, காபி கிடையாது, முடி சுருட்டல் கிடையாது. கழிவறை நாற்காலியையும் சளிக் கிண்ணத்தையும் சமையலறை நடுவிலேயே வைக்கச் சொன்னாள். இரண்டு நாளாக அவளுக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. வேறு நாள் பார்க்கலாமா என்றேன். முறைத்தாள். மூன்று தம்ளர் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தாள், ஒவ்வொரு தம்ளருக்கும் இடையில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காமிலா வந்தாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நீங்க இருக்கீங்கல்ல?” என்றாள்.

“பதினொண்ணு ஆச்சே,” என்றேன். அவளைக் கடந்து நடந்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆறு வாரமாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் செரித்தது.

காரைப் படிக்கட்டிலிருந்து முப்பதடி தள்ளி, சமையலறை ஜன்னல் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தேன். பிளாஸ்கில் காபி, வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டி. முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பேசினார்கள். உள்ளே நடந்ததை இங்கெலா பிறகு சொன்னாள்.

“எனக்கு ஒண்ணுக்கு வருது,” என்றாளாம் பன்னிரண்டே காலுக்கு.

“அந்தப் பொத்தான அழுத்தலாமா?”

“அழுத்து. நாப்பது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நாம பேசிட்டிருக்கலாம்.”

நகராட்சி வண்டி அன்றைக்கு மேற்குக் கரையில் ஒரு கிழவரைத் தூக்கப் போயிருந்தது. முடிந்ததும் வருகிறோம் என்றார்கள், கடைசி வரைக்கும் வரவில்லை.

“எனக்கு இதுக்குப் பயிற்சி இல்லைங்க இங்கெலா. நான் செய்யக்கூடாது.”

“பயிற்சி எதுக்கு? ஏழு வகை பிஸ்கட் நானே சுடறேன்னு எழுதினவளுக்குப் பாவாடை அவுக்க என்ன பயிற்சி? சரி, நீ ஒக்காரு. நான் இங்கயே போறேன். நாத்தம் வந்தா எழுதிக்க.”

போயிருக்கிறாள். காமிலா எழுந்து ஜன்னலுக்கு வந்து என் காரைப் பார்த்தாள். நான் பிளாஸ்க் மூடியைத் தூக்கிக் காட்டினேன். அவள் திரும்பிக்கொண்டாள். அப்புறம் துணியும் தொட்டியுமாக நடமாடுவது தெரிந்தது. இங்கெலா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் தூக்கிப் பையை மாட்டி, ஏற்றி, இறக்கி, அழுதுகொண்டே துடைத்திருக்கிறாள். தோளைப் பிடித்த விதத்தில் இங்கெலாவுக்கு உயிர் போயிருக்கிறது. “வலிச்சா சொல்லுங்க” என்றதற்கு, “குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல” என்றாளாம்.

மணி ஒன்றரை தாண்டியது. ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. காமிலா பூட்ஸ் இல்லாமல், அந்தச் சாம்பல் ஸாக்ஸோடு பனியில் ஓடிவந்தாள். மேல்தோல் உடைந்து கணுக்கால் வரை இறங்கினாள், எழுந்தாள், மறுபடி இறங்கினாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. நான் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினேன்.

“வாங்க! இங்கெலா உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சளி அடைச்சிருச்சு. மூச்சு வரல, உதடெல்லாம் நீலமா... வாங்களேன்!”

“மணி என்ன?” என்றேன்.

“என்ன?”

“ஒண்ணு அம்பத்திரண்டு. என் நேரம் ரெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது. நீங்க எழுதினதுதானே.”

“அவங்க செத்துப்போயிருவாங்க!”

“ஒங்களுக்குத்தான் கை இருக்கே.”

கண்ணாடியை ஏற்றினேன். அவள் இரண்டு கையாலும் அதைக் குத்தினாள். உள்ளங்கை வெள்ளையாக அப்பியது. அப்புறம் திரும்பி ஓடினாள், விழுந்தாள், தவழ்ந்தே படியேறினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன் என்று பிறகு ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். பொய் சொன்னது நான். அவள் முகத்தைப் பார்த்ததுமே நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கெலாவுக்குச் சளி கட்டினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் தெரியும். பத்து நிமிஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சில நாள் தாங்கியிருக்கிறது.

சரியாக இரண்டு மணிக்கு உள்ளே போனேன். இங்கெலா நாற்காலியில் முன்னால் குனிந்திருந்தாள். காமிலா முட்டி போட்டு, விலா எலும்புக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, இங்கெலாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கெலா கண்ணை மூடினால் அழுத்துவாள். திறந்தால் நிறுத்துவாள். கிண்ணத்தில் பச்சையாக ஒரு கட்டி கிடந்தது. மூச்சு வந்துவிட்டது, கீச்சுக் கீச்சென்று. நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். இங்கெலா என்னைப் பார்க்கவில்லை.

காமிலா தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். “மன்னிச்சிருங்க.”

“எழுது,” என்றாள் இங்கெலா. குரலே இல்லை, காற்றுதான். “மன்னிப்பெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள ஏறாது. நிமிஷத்த எழுது. தொடச்சது முப்பத்தெட்டு நிமிஷம். சளி எடுத்தது எட்டு. தெரிஞ்ச ஆளா இருந்தா எவ்வளவு ஆகும்னும் எழுது. நீ அழுதத எழுத வேணாம்.”

காமிலா மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். இங்கெலா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நாலு இடத்தில் திருத்தினாள். போகும்போது காமிலாவின் ஸாக்ஸ் ஈரத்தில் தரையெல்லாம் தடம். நான் வேண்டுமென்றே துடைக்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இங்கெலா என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். தலையத் தூக்கு, தண்ணி குடு, போதும். உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. ராத்திரி பகல், இருபத்துநாலு மணி நேரமும் ஆள். ‘மூச்சு தொடர்பாக, அவரை நன்கு அறிந்த ஒருவர் எப்போதும் அருகில் இருப்பது அவசியம்.’ கையெழுத்து காமிலாவுடையதுதான். நான் சத்தம் போட்டு வாசித்துவிட்டு, சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன்.

“ஜெயிச்சுட்டோம் இங்கெலா! அவ எப்படி மண்டி போட்டா பாத்தியா?”

“மடிச்சு வை. ஒக்காரு.”

“காபி போடட்டுமா?”

“வேணாம். ஒக்காருன்னேன்ல.” நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “அன்னிக்கி அவள ஒங்கிட்ட அனுப்பினேன். என்ன சொல்லி அனுப்பினேன்?”

“...வரச் சொல்லி.”

“வந்தியா?”

“ரெண்டு மணிக்கு...”

“வந்தியா?”

“அவளப் பழி வாங்கணும்னு நீதான இங்கெலா சொன்ன? ஆறு வாரமா அதத்தான பேசினோம்?”

“நான்தான் சொன்னேன். அது எம்பழி. எவ்வளவுன்னு அளக்கறதும் நான்தான். போதும்னு ஆளனுப்பினேன். நீ இன்னும் கொஞ்சம் வேணும்னு ஒக்காந்திருந்த. எம்மூச்ச வச்சு.”

வெளியே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து நகரும் சத்தம் கேட்டது.

“அந்தப் பொம்பள கையி பழகாத கையி,” என்றாள் இங்கெலா. “தோள்பட்டையக் கழட்டிருச்சு. ஆனா நான் கண்ண மூடினா அழுத்துச்சு, தொறந்தா நின்னுச்சு. சொன்னதக் கேட்டுச்சு. பதினாலு வருஷத்துல முதல் தடவையா ஒங்கையி கேக்கல.”

“ஒரே ஒரு தடவதான இங்கெலா.”

“ராத்திரி மூணு மணிக்கு எனக்குச் சளி கட்டினா, ஒனக்கு எம்மேல அன்னிக்கி என்ன கோவம் இருக்குன்னு நான் யோசிச்சுட்டுப் படுக்க முடியாது. தெஸ்பாய் வந்ததும் சாவியக் குடுத்துரு.”

தெஸ்பாய் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதுவரைக்கும் வேலையைச் செய்தேன். கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், பிட்டத்துப் புண்ணுக்கு மருந்து போட்டேன். புண் ஆறிக்கொண்டு வந்தது. அவள் சொன்னபடி எல்லாம் செய்தேன். நன்றாகச் செய்தேன் என்று அவளுக்கும் தெரியும்.

இப்போது பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறேன். இங்கெலா தன் வீட்டில்தான் இருக்கிறாள், ஆற்றைப் பார்த்தபடி. கடையில் எதிரே வந்தால் வணக்கம் சொல்கிறோம். எட்டு நிமிஷத்துக்காகப் பதினாலு வருஷத்தைத் தூக்கிப் போட்டாளே என்று ஊரில் எனக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர்வதில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை அவள் வாசல் வரைக்கும் போனேன். ஆனால் அந்தக் காமிலா கண்ணாடியைக் குத்திக்கொண்டு பனியில் நின்றதை நினைத்தால், இன்றைக்கும் என் வயிறு குளிர்ந்துபோகிறது. மறுபடி அந்த எட்டு நிமிஷம் வந்தால் நான் காரைவிட்டு இறங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் இரண்டு முறையும் தட்டாமல் திரும்பிவிட்டேன்.